சொந்தச் சீட்டு

"அக்கா, இந்தச் சீட்டை மாத்திக் குடுங்க. இது நான் எழுதினது!"

ஆபீஸ் அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். சபையின் கடிதம், அறிவிப்பு எல்லாம் அக்கா பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் இந்த முழுநாள் உபவாச ஜெபத்துக்குச் சீட்டு தயார் பண்ணுவதும் அவள்தான்.

ஒரு வாரம் முன்னாலேயே ஆளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கையெழுத்து தெரியக் கூடாது என்று அக்கா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடிப்பாள். ஆள், ஊர், உறவு எதுவும் தெரியாதபடி வெட்டிச் சுருக்கியும் விடுவாள். பத்து பேர் முட்டி வலி என்று எழுதியிருந்தால் பத்துக்கும் ஒரே வாசகம்தான், அவ்வளவு சிக்கனம். ஜெப நாளில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சாயங்காலம் வரை தனக்காக ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கையில் வந்த சீட்டுக்காக மட்டும்தான் ஜெபம்.

"உன்னோடதுன்னு எப்படிச் சொல்ற?"

"என் கதை எனக்குத் தெரியாதாக்கா?"

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரே ஒருவர். சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று பயம். சொல்லத் தைரியம் வேண்டும்.'

"தனக்காகக் கேட்கக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே? இப்ப நான் என்ன பண்ண?"

"விதி போட்டது நான். உன் கையில சீட்டைக் குடுத்தது நான் இல்ல. ஆண்டவரை நம்பித்தானே வந்திருக்க? அவர் கை தவறாது. போய் முழங்கால் போடு."

அவள் குழம்பிப்போய் உள்ளே வந்து கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

அம்மா போய் எட்டு வருஷம். வீட்டில் அப்பாவும் அவளும்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பார், தன் சட்டைப் பொத்தான் அறுந்தால் மட்டும் மகளைத்தான் கூப்பிடுவார். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒன்பது நாளாக அவள் கைப்பையில் ஒரு மாற்றல் உத்தரவு கிடக்கிறது. பதவி உயர்வு, ஆனால் வேறு ஊர். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அப்பாவிடம்தான் வாய் வரவில்லை.

அப்பாவும் இரண்டு வாரமாக ஒரு மாதிரிதான் இருக்கிறார். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார். நேற்று டீயில் உப்பைப் போட்டு, அதை முகம் சுளிக்காமல் குடித்தும் முடித்தார். கைப்பையைப் பார்த்துவிட்டாரோ?

"ஆண்டவரே, எனக்கு..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தினாள். தனக்காகக் கேட்கக் கூடாதே! கேட்காமலும் இருக்க முடியாதே! கையில் இருப்பது இந்த ஒரு சீட்டுதானே!

மதிய இடைவேளையில் முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். பாட்டு டீச்சர் அங்கே நின்றிருந்தார். பாடகர் குழுவை நடத்துபவர், தனி ஆள், எப்போதும் கலகலவென்று பேசுபவர். இன்றைக்கு என்னவோ திறந்த குழாயை மூடக்கூட மறந்து நின்றார்.

"அப்பா... உங்கிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

"எதைப் பத்தி டீச்சர்?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." டீச்சர் விறுவிறுவென்று போய்விட்டார்.

அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியவில்லையா? இந்த நிலைமையில் அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மதியப் பாடலில், பாடகர் குழுவில் நின்ற அப்பாவின் கனத்த குரல் ஒரு அடி முந்திக்கொண்டு தனியாக ஒலித்தது. இருபது வருஷத்தில் அவர் தாளம் தப்பியதே இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது.

இனி யோசித்துப் பிரயோசனமில்லை. இது யாரோ எழுதின சீட்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இதை எழுதினது யாரா இருந்தாலும் அவங்களுக்குத் தைரியம் குடும். அதைவிட, கேக்கப்போறவருக்குப் பலம் குடும். அவர் அழக் கூடாது, கோபப்படக் கூடாது. 'அதுக்கென்ன, நல்லா இருங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லணும். எனக்கு ஒண்ணும் புரியல. உம்மகிட்டயே விட்டுடறேன்."

அதையே மணிக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஐந்து மணிக்குப் போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடித்தபோதும் குழப்பம் அப்படியேதான் இருந்தது. ஆனால் பயம் போயிருந்தது.

வாசலில் அப்பா காத்திருந்தார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு பாப்பா. முதல்ல இதைப் பாரு. காலையில இருந்து எனக்கு மண்டை காயுது." அப்பா சட்டைப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்து நீட்டினார்.

'ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரே ஒருவர்...'

அவள் அவசரமாகக் கைப்பையைத் திறந்து பார்த்தாள். அவளுடைய சீட்டு உள்ளேயேதான் இருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் பாட்டு டீச்சர், மழை இல்லாத வானத்துக்குக் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நூறு பேர் போட்ட பெட்டியில, நான் எழுதினது எனக்கே வந்திருக்கு பாரும்மா!" என்றார் அப்பா, டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

கேட்கப்போகிறவர் தானேதான் என்று தெரியாமல், அவருக்குப் பலம் வேண்டும் என்று மன்றாடி மன்றாடி, தனக்காகக் கேட்கக் கூடாது என்ற விதியை அவள் நாள் முழுக்க மீறியிருந்தாள்.