கேப்டன் சொன்னாளாம்

"காலை ஆட்டாதீங்கப்பா. சதையில வெட்டிடப் போறேன்."

அப்பாவுக்கு அது விழவில்லை. அவர் காது கைப்பேசியோடு ஒட்டிக்கிடந்தது. வலது கால் மட்டும் சின்னவளின் மடியில், பழைய துண்டின் மேல் இருந்தது.

இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவரால் குனிய முடியாது. நகம் வெட்டிவிடுவது ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. பெரியவள் வெளியூரிலிருந்து பேசுவதும் அதே நேரத்தில்தான்.

"ஆறு பெனால்டி கார்னர், கேப்டன். ஒரு கோல்கூட விழாம ஆறும் போச்சு. அடிக்கிறவன் கையில இருந்தது மட்டையா, துடைப்பமா?"

கேப்டன். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வருஷம் ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கினாள் பெரியவள். அந்தப் பட்டம் இன்னும் இறங்கவில்லை. சின்னவளுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. "ஏய்" போதும்.

பேச்சு பெட்ரோல் விலைக்குத் தாவியது. பிறகு சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டுக் காணாமல் போன நகராட்சிக்கு. ஒரு மந்திரிக்குப் பச்சை அட்டை காட்டி இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைக்க வேண்டுமாம். எதிர்க்கட்சிக்காரர், ஆஃப்சைடே இல்லாத ஆட்டத்தில் ஆஃப்சைடு கேட்கிற ஆளாம்.

உலகத்தில் எது நடந்தாலும் அப்பாவிடம் அதற்கு ஒரு ஹாக்கி இருந்தது.

சொல்லச் சொல்ல அவர் முகத்தில் வயது குறைந்துகொண்டே வந்தது. சின்னவள் நகத்தைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தை டிவியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் இவள்தான். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. "இதைப் பெரியவகிட்ட சொல்லணும்" என்று மட்டும் முனகினார். கருத்துகளை எல்லாம் பொத்திப் பொத்தி வைத்திருந்து இன்றைக்கு அவிழ்க்கிறார்.

அன்று இவளும் ஒன்று சொன்னாள். அடிக்கிறவன் மேல் தப்பில்லை, கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுகிறவன்தான் தள்ளுவதற்கு முன்பே அந்தப் பக்கம் பார்த்துவிடுகிறான், எதிராளி அவன் கண்ணைப் பார்த்துத்தான் ஓடி வருகிறான் என்று.

அப்பா "ம்" என்றார். பிறகு வெந்நீர் கேட்டார்.

பெருவிரல் நகம் கெட்டி. அழுத்தியதில் தெறித்து எங்கேயோ விழுந்தது.

பொறாமை என்ற சொல்லை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அலுப்பு என்பாள், தூக்கம் போதவில்லை என்பாள். அக்காவின் வேலை மேல், வீட்டின் மேல் அவளுக்கு எதுவும் இல்லை. அப்பாவின் கன்னத்தில் பதிந்து சூடாகிக்கொண்டிருக்கும் அந்தக் கைப்பேசியின் மேல்தான்.

"ஒரு நிமிஷம் இரு, கேப்டன்." கைப்பேசியை இவளிடம் நீட்டினார். "பாத்ரூம் போயிட்டு வரேன். கட் பண்ணித் தொலைச்சிடாதே."

வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவர் போகும் வரை காத்திருந்து, கைப்பேசியைக் காதில் வைத்தாள்.

"அக்கா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டியது. பாத்திரம் ஒன்று உருண்டது.

"அக்கா, நான்தான்."

எங்கேயோ அறையின் மறுகோடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அது இவளிடம் பேசவில்லை. "எங்கப்பாதான். ஹாக்கி. அது பாட்டுக்கு ஓடும், நீ சொல்லு."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். மறுபடியும் குழாய்.

சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஒரு தட்டைக் கழுவி, வைத்து, அடுத்ததை எடுக்கிற சத்தம். வாராவாரம் அப்பா பேசியதெல்லாம் இந்தப் பாத்திரங்களோடுதானா?

சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். இத்தனை நாள் காத்திருந்ததே இதற்குத்தானோ என்னவோ. சொல்ல வேண்டிய வாக்கியம்கூட நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அங்க யாரும் கேக்கலப்பா.

வாக்கர் தரையில் தட்டித் தட்டி வந்தது. அப்பா வாசற்படியிலேயே நின்றார். ஒரு காலில் நகம் வெட்டி முடிந்திருந்தது, இன்னொன்றில் நீண்டு கிடந்தது. முகத்தில், பரீட்சை முடிவைக் கேட்க வந்த பிள்ளையின் ஆவல்.

"என்ன சொல்றா கேப்டன்?"

சின்னவள் கைப்பேசியைத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"அடிக்கிறவன் மேல தப்பில்லையாம்ப்பா. பந்தைத் தள்ளிவிடறவன் முன்னாடியே அந்தப் பக்கம் பாத்துடறானாம். அவன் கண்ணை வெச்சுத்தான் எதிராளி ஓடி வரானாம்."

வெள்ளிக்கிழமை சொன்னதேதான். வாக்கியத்தின் வாலில் ஒரு "ஆம்" மட்டும் சேர்த்திருந்தாள்.

அப்பா அசையாமல் நின்றார். ஆறு பெனால்டி கார்னரும் அவர் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக ஓடி முடிந்தன. பிறகு வாக்கரின் கைப்பிடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"அடி சக்கை! பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாத்தோமே, நமக்குத் தெரிஞ்சுதா? அங்க இருந்துகிட்டு அவ பாத்திருக்கா பாரு. ஆட்டம் பாக்கத் தெரியணும்டி!"

நாற்காலிக்கு வந்து சாய்ந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். "பிரமாதம் கேப்டன், பிரமாதம்!"

கைப்பேசிக்குள் குழாய்ச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ம். ஆமாப்பா."

அப்பா இடது காலைத் தானாகவே தூக்கி இவள் மடியில் வைத்தார். இந்தத் தடவை ஆட்டவில்லை.

சின்னவள் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.

அக்காவின் மேல் இவ்வளவு பொறாமை அவளுக்கு இதற்கு முன் வந்ததில்லை.