காய்ச்சல் வரிசை

கண்ணாடிக் கூரையின் தூசியில் வடிகட்டி இறங்கும் வெயில், சோகை பிடித்த மஞ்சளாய் நெல் தொட்டிகளின் மேல் கிடக்கிறது. மூலையில் மின்விசிறி கறகறவென்று சுற்றுகிறது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டுப் பத்து நாள் கழித்து இன்றுதான் வேலைக்கு வந்திருக்கும் ஆராய்ச்சிக்காரி, கடைசி வரிசைக்கு முன்னால் அசையாமல் நிற்கிறாள். ஊசியாய்ச் சுருண்டிருக்க வேண்டிய இலைகள் அகல விரிந்து, நுனியில் சொட்டுத் தண்ணீரோடு பளபளக்கின்றன. தொட்டி மண்ணில் விரலை விடுகிறாள். இரண்டாம் கணுவரை சேறு ஏறுகிறது. அவள் இல்லாதபோது வேலைக்குச் சேர்ந்த தோட்டக்காரர், பூவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

“பாவம் மேடம், வாடி வதங்கிக் கெடந்துச்சு. சீட்டுல வேற காய்ச்சல்னு எழுதியிருக்கு. காய்ச்சல்ல கெடக்கிறதுக்குத் தண்ணி குடுக்காம இருக்கலாமா? ரெண்டு வேளையும் ஊத்தித் தேத்திட்டேன்.”

சீட்டில் இருப்பது அவள் கையெழுத்துதான். தண்ணீர் கட்டாமல் வயலைக் காயவிடுவதற்கு அப்பா சொல்லும் பெயர் காய்ச்சல். ஊருக்கே புரியும் என்று அதையே எழுதிவைத்திருந்தாள். தாய்ப்பயிர் பட்ட தாகம் விதைக்கு நினைவிருக்கும், அந்த நினைவே வறட்சியில் அதைக் காப்பாற்றும் என்று நம்பி, மூன்று தலைமுறையாக இந்த வரிசையை வாடவிட்டே வளர்த்தாள். மறுபடி தொடங்கப் பழைய விதையில் ஒரு மணிகூட மிச்சமில்லை.

சேற்று விரலைத் தொட்டி விளிம்பில் துடைக்கிறாள். அப்பாவின் வயல் கருகிய வருஷம், இப்படிப் பூவாளியோடு ஒருவரும் வரவில்லை.

“கடைசித் தொட்டிக்கு மட்டும் இன்னைக்கு ஊத்தல மேடம்,” என்கிறார் அவர்.

அவள் ஒதுங்கி வழிவிடுகிறாள்.