யார் வலது?

வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கும் ஒரு சோலார் பேனலில், மேலே ஒரு லென்ஸும் கீழே மின்சாரம் சுரக்கும் நகத்தளவு ‘செல்’ ஒன்றும் எதிரெதிரே இருந்தன. அவை பேசிக்கொள்ளும் என்பதை நம்பாதவர்கள் உச்சிவெயிலில் கூரை ஏறிக் காதை வைத்துப் பார்க்கலாம்.

லென்ஸ் குவிக்கும் வெளிச்சப்பொட்டு செல்லின் மேல்தான் விழ வேண்டும். ஒருநாள் சூட்டில் சட்டம் விரிந்து, மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் ஒற்றைக் கம்பியின் மேல் அது விழுந்தது.

“அண்ணே, கொஞ்சம் வலது பக்கம் தள்ளுங்க” என்றது செல்.

“என் வலதா, உன் வலதா தம்பி?”

“நீங்க பெரியவங்க. உங்க வலதாவே இருக்கட்டும்.”

“சேச்சே, வேலை செய்யறவன் நீ. உன் வலதுதான் வலது.”

“ஏதாவது ஒரு வலதுக்குப் போங்கய்யா, எனக்குச் சுடுது” என்றது கம்பி.

“மரியாதையா பேசிக்கிட்டிருக்கோம்ல, நடுவுல வராதே” என்றது லென்ஸ்.

இன்னும் கொஞ்சநேரம் உபசாரம் நடந்தது. கடைசியில் செல்லின் வலதே வலது என்று முடிவாகி, லென்ஸ் நகர்ந்தது. வெளிச்சம் செல்லின் நடுநெற்றியில் விழுந்தது. செல்லும் மளமளவென்று மின்சாரம் சுரந்தது. கம்பி கருகி விழுந்துவிட்டதால், அதை வாங்கிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை.