தொட்டியில் ஒரு விரால்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு அறையில் தணிகாசலம் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு விராலை வளர்த்தான். அது துள்ளி வெளியே விழாமலிருக்க மேலே பலகை போட்டு, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்திருந்தான். மீன் மேலே வந்து காற்றுக் குடிப்பது ஒன்றுதான் அந்த அறையில் கேட்கும் சத்தம்.

"பொண்டாட்டி போய் மூணு மாசம்கூட ஆகலை, உனக்கு மீன் விளையாட்டா?" என்றார் பக்கத்து அறை நெய்னா முகம்மது. "அதுக்குத் துணையா இன்னொண்ணாவது விடேன்."

"விட்டேன், பாய். தின்னுட்டுது."

அந்த வாரம் பாயின் மனைவிக்குக் குழந்தை பிறந்தது. மறுநாள் அவர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"புண் ஆற விரால் சூப்பு கொடுக்கச் சொல்றா மலாய்க்கார மருத்துவச்சி. இந்த மழையில மார்க்கெட்ல மீனே இல்லை. உன்கிட்ட கேக்கவும் வாய் வரலை."

தணிகாசலம் குழவியை இறக்கி வைத்தான். விராலைப் பிடித்துத் தகர டின்னில் போட்டு நீட்டினான்.

"ஆசையா வளர்த்ததாச்சே..."

"வளர்க்க வாங்கலை, பாய். மங்களம் பெத்த அன்னிக்கு அதே மருத்துவச்சிதான் வாங்கிட்டு வரச் சொன்னா. வந்து பார்த்தா, தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

பாய் டின்னோடு அப்படியே நின்றார்.

"நிக்காதீங்க, பாய். அன்னிக்கு நானும் வழியில நின்னு பேசிட்டுத்தான் வந்தேன்."