பன்னிரண்டு மில்லிமீட்டர்

ஹந்தானை மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் மாடித்தளம் வெறும் பலகை. அங்கே நான்கடி மீன் தொட்டி வைக்கப் போவதாக அண்ணன் நிரோஷன் சொன்னான். தண்ணீரோடு அறுநூறு கிலோ வரும். நேர் கீழேதான் அம்மாவும் அப்பாவும் படுக்கிறார்கள்.

"எட்டுப் பேர் வந்து நின்னா வீடு விழுந்துருமா, இஞ்சினியரம்மா?" என்றான்.

"எட்டுப் பேர் வந்தா திரும்பிப் போயிருவாங்க. இது போகாது."

"விடும்மா, ஆசைப்படுறான்" என்றார் அப்பா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் நாலு வருஷம் பொறியியல் படித்தது இதைக் கேட்கத்தான்.

கீழே ஒவ்வோர் உத்தரத்துக்கும் அடியில் நூல் இழுத்துக் கட்டி அளந்தேன். எல்லாம் நேராக இருந்தன. அப்பாவின் அறை உத்தரம் மட்டும் பன்னிரண்டு மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை தொட்டியை ஏற்றி, தண்ணீர் நிரப்பினான். மறுபடி அளந்தேன். அந்த உத்தரம் நிமிர்ந்திருந்தது. மூன்று தடவை அளந்தும் அதேதான்.

"பாரம் ஏறினா நிமிரும்னுதான் படிச்சியா?" என்று சிரித்தான்.

எரிச்சலில் மற்றவற்றையும் அளந்தேன். சமையலறையின் நடு உத்தரம் இப்போது பன்னிரண்டு மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது. அதற்கு மேலே என் அறை, என் கட்டில்.

கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். மறுநாள் காலை நடு உத்தரம் நேராகிவிட்டது. சுவரோர உத்தரம் தொய்ந்திருந்தது. அதே பன்னிரண்டு.

அண்ணனை இழுத்து வந்து காட்டினேன்.

"உன் பாரம்தான்டி" என்றான்.

அறுநூறு கிலோ தொட்டிக்கு அடியில் உத்தரம் நேராக நிற்கிறது. நான் நாற்பத்தெட்டு கிலோ.