கட்டியவன் ஆடக்கூடாது

அவன் மேசை ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

மேசைமேல் வைத்து ஆடும் பொம்மை நகரத்தைக் கட்டியவன் முதல் ஆட்டத்தில் ஆடக்கூடாது. அந்த நண்பர்கள் கூட்டத்தில் அப்படி ஒரு சட்டம். சும்மா நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சுவரில் ஏறலாமா, இந்த ஜன்னல் திறக்குமா, இந்தப் படி எங்கே போகிறது. அவன் வழி உண்டு என்றால் பொம்மை போகலாம். இல்லை என்றால் இல்லை.

கடவுள் வேலை. உட்கார நாற்காலிகூடக் கிடையாது.

மேசை முழுவதும் அவன் குடியிருக்கும் தெரு. தெர்மாகோல், அட்டை, ஃபெவிக்கால். சொந்தத் தெருவையே கட்டியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, சோம்பேறித்தனம்தான். அளவெடுக்க அலைய வேண்டாம் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர், இஸ்திரி வண்டி, பாதி தோண்டிப் போட்ட மழைநீர்க் கால்வாய் எல்லாம் இருந்தன. ஜன்னல் கம்பிக்குக் கொசுவலையை வெட்டி ஒட்டியிருந்தான். தெருப் புழுதிக்குக் காயவைத்த டீத்தூள்.

தெருமுனையிலிருந்து ஜாம்பிப் பொம்மைகள், நடக்கும் பிணங்கள், வந்துகொண்டிருந்தன.

ஆடிக்கொண்டிருந்த தோழி பெனிட்டாவிடம் ஒரே ஒரு பொம்மை ஆள் மிச்சம். ஆட்டம் தொடங்கும்போதே அவனை இரண்டாவது மாடி வீட்டுக்குள் வைத்துவிட்டாள். பத்திரமான இடமாம்.

அது கட்டியவனுடைய சொந்த வீடு.

பகடை உருண்டது. தீப் படம் விழுந்தது. கீழ்த்தளம் எரிகிறது என்று அர்த்தம்.

"சரி, எறங்கிடறேன்" என்றாள் பெனிட்டா. "ஜன்னல் வழியா குதிக்கலாமா?"

"கம்பி போட்டிருக்கு."

"பால்கனி?"

"அதுலயும் கிரில்."

"மொட்டை மாடிக்கு ஏறிடறேன் போ."

"அந்தக் கதவு பூட்டியிருக்கும். சாவி அசோசியேஷன் செக்ரெட்டரிகிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான்.

"அப்ப வாசல் வழியாவே ஓடறேன்." அவள் குனிந்து பார்த்தாள். "இது என்னப்பா, கதவுல மஞ்சளா ஒட்டிட்டு இருக்கு?"

"பூட்டு."

"வெளிப்பக்கமாவா?"

ஊசி முனையில் எம்சீல் பசை வைத்து அவன் செய்த பூட்டு. பித்தளை வண்ணம் அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் செய்தது. மொத்தத் தெருவிலும் அதுதான் நன்றாக வந்திருந்தது. அன்றைக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். எந்தப் பக்கம் ஒட்டுகிறோம் என்ற யோசனையே வரவில்லை. தினமும் கண் பார்த்ததைக் கை செய்துவிட்டது.

"உள்ள ஆள வெச்சுட்டு யாராவது வெளிய பூட்டுவாங்களா?"

மறுபடியும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வீட்டில் இருக்கும் அவன் அப்பாவுக்கு இப்போதெல்லாம் எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஆடி மாதம் ஒருநாள் பனியனோடு வெளியே போனவரை ரயில் நிலையத்தில்தான் கண்டுபிடித்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் பூட்டு. வேறு என்ன செய்வது? சோறு போட்டு மூடிவைத்து, டிவியைப் போட்டுவிட்டு, பூட்டிவிட்டு வருவான்.

இன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தான்.

கேஸை மூடினோமா?

"சொல்லுப்பா. இது தொறக்குமா, தொறக்காதா?"

அவன் மேசையைப் பார்த்தான். கொசுவலைக்குப் பின்னால் அந்தப் பொம்மை நின்றிருந்தது. கடவுள் பதில் சொல்லியாக வேண்டும்.

"தொறக்காது."

பெனிட்டா உதட்டைப் பிதுக்கினாள். கூரையைத் தூக்கி, பொம்மையை எடுத்து, மேசையில் படுக்கவைத்தாள்.

அவன் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கும். அதை எடுத்துப் பேச வேண்டும் என்பது அப்பாவுக்கு மறந்துபோய் வெகுநாள் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ரோடு காலி. இருந்தும் வண்டி நகரவே இல்லை என்று தோன்றியது. கட்டடங்களுக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினான். எங்கோ யாரோ குப்பை கொளுத்தியிருந்தார்கள். ஒரு சிக்னலில் அவன் நிற்கவே இல்லை. பின்னால் யாரோ திட்டினார்கள்.

பயம். வேறு எதுவும் மனசில் இல்லை.

தெரு அப்படியே இருந்தது. இஸ்திரி வண்டி நின்றது. புகை இல்லை.

படிகளைத் தாவி ஏறினான்.

அப்பா கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். உயிரோடு இருந்தார். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா."

அவர் உதட்டில் விரல் வைத்தார். படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கம்பிக்கு நடுவே கையை விட்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"சத்தம் போடாதீங்க சார். ஒருத்தன் என்ன உள்ள போட்டுப் பூட்டிட்டுப் போயிருக்கான். அவன் வர்றதுக்குள்ள என்னக் கூட்டிட்டுப் போயிருங்க."

அவன் கண் பூட்டின் மேல் போனது.

"நல்லவன் மாதிரியே பேசுவான் சார். சோறெல்லாம் வெச்சுட்டுப் போவான். நம்பிராதீங்க."

கீழே ஏதோ வண்டி நின்றது. அப்பா திடுக்கிட்டு அவனை இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

அப்பா பிடித்திருந்த அந்தச் சட்டையின் பையில்தான் சாவி இருந்தது.

அதை எடுக்க அவனுக்குப் பயமாக இருந்தது.