பொட்டு வைத்த குடுவை

இரண்டு குடுவைகளிலும் சிவப்புப் பொட்டு.

ஆய்வகத்தின் மூத்த மாணவியான அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஒன்றில்தான் இருக்க வேண்டும்.

இரண்டுக்குள்ளும் இருப்பவை ரத்தப் புற்றுநோய்ச் செல்கள். யாரோ ஒரு நோயாளியிடமிருந்து என்றோ எடுத்தவை. ஆய்வகம் ஆய்வகமாகக் குடிபெயர்ந்து இன்னும் பெருகிக்கொண்டே இருப்பவை. கதிர்வீச்சுக் காட்டிவிட்டால் பெருகாது. உயிர் மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எடுத்து, நோயை அடித்துத் துரத்தும் எதிர்ப்புச் செல்களோடு சேர்த்துவிட்டால் போதும். எதிரியைக் கண்ட வேகத்தில் எதிர்ப்புச் செல்கள் கொழுகொழுவென்று வளரும்.

கதிர் காட்டிய குடுவைக்கு மார்க்கரால் ஒரு சிவப்புப் பொட்டு. அதுதான் அடையாளம்.

காட்டாததைப் போட்டுவிட்டால், விருந்துக்கு வந்தது வீட்டையே எழுதி வாங்கிக்கொள்ளும்.

"டேய் பூவலிங்கம்!"

ஆய்வு மாணவர்களில் இளையவன் ஓடி வந்தான். நெற்றியிலும் அதே சிவப்பு.

"ஆயுத பூஜைல்லக்கா. மைக்ராஸ்கோப்புக்கு வச்சேன், பிரிட்ஜுக்கு வச்சேன். இதுல ஒண்ணுல ஏற்கெனவே பொட்டு இருந்துச்சு, அது மேலேயே வச்சேன். இன்னொண்ணு மூளியா நின்னுச்சு. பாவமா இருந்துச்சுக்கா."

கோபம் வந்தால் எதையாவது துடைக்கிற கை அவளுடையது. ஸ்பிரிட்டைப் பீய்ச்சி இரண்டு குடுவைகளையும் அழுத்தித் துடைத்தாள்.

குங்குமம் போனது.

மார்க்கரும் போனது.

கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி கதிர் காட்டலாம் என்றால், அந்த இயந்திரமும் மாலை போட்டுக்கொண்டு விடுமுறையில் இருந்தது. எதிர்ப்புச் செல்களோ பசியில். இன்று போடாவிட்டால் சாகும். செத்தால், புதிதாகப் பிரித்தெடுக்க மறுபடி ரத்தம் வேண்டும்.

அது பூவலிங்கத்தின் ரத்தம். ஊசியைக் கண்டதும் மயங்கிச் சரிந்தவன். விழித்ததும், இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியவன்.

"அக்கா, இன்னொரு வாட்டின்னு மட்டும் சொல்லிராதீங்க. ஊருக்கே போயிருவேன்."

அவள் எதிர்ப்புச் செல்களை இரண்டு பங்காக்கினாள். பங்குக்கு ஒரு குடுவை. பாதி போனாலும் பாதி மிஞ்சும்.

வாரக் கடைசியில் சாயமேற்றிப் பார்த்தாள்.

முதல் பங்கு. எதிர்ப்புச் செல்கள் கொத்துக் கொத்தாக. புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் பங்கு.

கொத்துக் கொத்தாக.

ஒன்றுகூட இல்லை.

கதிர் படாத, பெருகத் தெம்புள்ளதையும் சேர்த்தே தீர்த்துக்கட்டியிருந்தன.

"எல்லாம் நம்ம ரத்தம்க்கா!" பூவலிங்கம் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டான். "ஒருத்தனையும் விட்டு வைக்கல பாத்தீங்களா, பயலுக!"

பேராசிரியர் வந்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை நெடுநேரம் எடுக்கவில்லை.

"ஒரு தடவ நடந்தா அதிர்ஷ்டம்மா," என்றார். "மூணு தடவ நடந்தாத்தான் ஆராய்ச்சி."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் திரும்பினாள். குரலில் அப்படி ஒரு தேன்.

"சாப்டியாடா தம்பி?"

பூவலிங்கம் சட்டைக் கையை மெல்ல இறக்கி, பொத்தானைப் போட்டான்.